அயனிக் கற்றையை எதைக் கொண்டு குளிர்விப்பது? மதுரை வட்டார ஆய்வகத்துக்கு ஒரு கணக்கு

மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் ஓர் இயற்பியல் துறை தாழ் ஆற்றல் அயனிக் கற்றை அமைக்கத் திட்ட வரைவு எழுதும்போது, ‘கற்றையின் வேகத்தைத் தணித்துக் குளிர்விப்போம்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவது வழக்கம். கணக்கு பிசகுவது அங்கேதான். வேகம் தணிப்பது ஒரு வேலை; குளிர்விப்பது, அதாவது அயனிகளின் வேகச் சிதறலைக் குறைப்பது, வேறு வேலை. முன்னதை ஒரு மின்முனையே செய்துவிடும். பணமும் பம்பும் கேட்பது பின்னதுதான்.

30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கே.இ.வி.) கற்றையை நேர்மின்னழுத்த மேடையில் ஏற்றி 30 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (இ.வி.) இறக்குவதாக வைத்துக்கொள்வோம். ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. ஆனால் கற்றையின் அகலத்தையும் விரிகோணத்தையும் பெருக்கினால் வரும் எமிட்டன்ஸ், ஒவ்வொரு குறுக்குத் திசையிலும் ஆயிரத்தின் வர்க்கமூலம், அதாவது சுமார் 32 மடங்கு, வீங்கிவிடும். லியூவில் தேற்றம் (வெறும் மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் அயனிக் கூட்டத்தின் இடம்-உந்தப் பரவலைச் சுருக்க முடியாது என்ற விதி) விதித்த வரி இது. எந்த லென்ஸ் போட்டாலும் தப்ப முடியாது. ஆற்றல் சிதறலிலும் இதே கதைதான். 5 இ.வி. சிதறல் 30,000-இல் தூசு; 30-இல் அது ஆறில் ஒரு பங்கு. ஆகவே வெறும் மின்புலத்தால் வேகம் தணித்த கற்றை மெதுவாக ஓடும், ஆனால் தாறுமாறாகச் சிதறும். அந்தச் சிதறலை வாங்கிக்கொள்ள வெளியிலிருந்து ஏதாவது வேண்டும்: எலக்ட்ரான்கள், ஒளி, அல்லது வாயு. எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதுதான் தேர்வு.

முதலில் கழிக்க வேண்டியவை

எலக்ட்ரான் குளிர்விப்பை 1966-இல் புட்கர் முன்மொழிந்தார். 1974-இல் நோவோசிபிர்ஸ்கில் அது நடந்து காட்டியது. அயனியின் வேகத்திலேயே ஓடும் குளிர்ந்த எலக்ட்ரான் கற்றையைச் சேமிப்பு வளையத்தின் ஒரு நேர்ப்பகுதியில் கூடவே ஓட விடுவார்கள். வேகம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் எலக்ட்ரானின் ஆற்றல், அயனியில் ஒரு நியூக்ளியானுக்குரிய (அணுக்கருவின் ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்குரிய) ஆற்றலில் சுமார் 1,830-இல் ஒரு பங்கு. டார்ம்ஸ்டாட்டின் இ.எஸ்.ஆர். வளையத்தில் நியூக்ளியானுக்கு 400 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால் எலக்ட்ரானுக்கு 220 கே.இ.வி. பக்கம் வரும். அயனி வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை இழக்கும். வளையம் இல்லாத இடத்தில் இந்த முறைக்கு வேலையே இல்லை. வான் டெர் மீருக்கு 1984 நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்த ஸ்டொகாஸ்டிக் குளிர்விப்பும் அப்படியே: கற்றை ஒரு சுற்று வருவதற்குள் அதன் விலகலை அளந்து, குறுக்கே போய்த் திருத்தும் மின்துடிப்பை அனுப்ப வேண்டும். இவை இரண்டும் வெளிநாட்டு மையத்தில் கற்றை நேரம் கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கான சேதி.

மெல்லிய தகட்டில் மோதவிட்டு வேகம் தணிப்பது மலிவு, ஆனால் கொடுமையான மலிவு. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் 5.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் எதிர்ப்புரோட்டான்களைத் தகட்டில் தணித்துப் பொறியில் (துகள்களை மின், காந்தப் புலங்களால் வெற்றிடத்தில் அடைத்துவைக்கும் கூட்டில்) பிடித்தபோது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அதற்காகத்தான் 30 மீட்டர் சுற்றளவுள்ள எலெனா வளையத்தைக் கட்டி, எலக்ட்ரான் குளிர்விப்போடு 100 கே.இ.வி. வரை இறக்கினார்கள். தகட்டுக்குப் பின்னால் ஹீலியம் நிரப்பிய வாயு அறையை வைத்தால் மிச்ச ஆற்றலையும் அது விழுங்கிவிடும். உடைந்து பிறக்கும் அரிய ஐசோடோப்புகளைப் பிடிக்க அதுதான் வழி. ஆனால் பத்து முதல் சில நூறு மில்லிபார் வரை அழுத்தமுள்ள அறைக்கும் வெற்றிடக் குழாய்க்கும் நடுவே அடுக்கடுக்காகப் பம்ப் போட வேண்டும். வாயுத் தூய்மை நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் பேசப்படும். மெகா எலக்ட்ரான் வோல்ட் கற்றை கையில் இல்லாத துறைக்கு இது தேவையே இல்லை.

மிஞ்சுவது இரண்டு: லேசர், ஹீலியம் நிரப்பிய ஆர்.எஃப். நான்முனை (ரேடியோ அலைவெண் மின்னழுத்தத்தில் இயங்கும் நாலு கம்பி அமைப்பு).

லேசரின் கவர்ச்சியும் அதன் தூரமும்

லேசர் என்றால் மாணவர்கள் சேருவார்கள், நிதிக் குழுவும் நிமிர்ந்து உட்காரும். 1978-இல் மெக்னீசியம், பேரியம் அயனிகளில் தொடங்கிய இந்த முறை மில்லிகெல்வின் வரை கொண்டுபோகும். கால்சியம் அயனிக்கு டாப்ளர் எல்லை, அதாவது இந்த முறை எட்டக்கூடிய கீழ்வெப்பநிலை, சுமார் அரை மில்லிகெல்வின். வாயுவால் அறை வெப்பநிலைக்குக் கீழே போக வேண்டுமென்றால் வாயுவையே குளிர்விக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு லேசரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அடுத்த கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கால்சியம் அயனி 397 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றை வாங்கும்போது அதன் வேகம் நொடிக்கு 2.5 சென்டிமீட்டர் மாறும். லேசர் எவ்வளவு வலுவாக இருந்தாலும் நொடிக்கு ஏழு கோடி துகளுக்கு மேல் அது சிதறடிக்காது. 20 இ.வி. ஆற்றலில் வரும் அயனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9,800 மீட்டர். நிறுத்த நாலு லட்சம் ஒளித்துகள் வேண்டும்; எல்லாம் குறையின்றி நடந்தாலும் அயனி 28 மீட்டர் ஓடித்தான் நிற்கும். 30 கே.இ.வி. என்றால் 42 கிலோமீட்டர். மதுரை ஜங்ஷனில் புறப்பட்ட அயனி விருதுநகரில் போய் இறங்கும் கதைதான். 1990-இல் ஹைடெல்பெர்க்கின் டி.எஸ்.ஆர். வளையத்தில் ஓடும் கற்றையை லேசரால் குளிர்வித்தார்கள் என்றால், அங்கே அயனி சுற்றிச் சுற்றி வந்து அந்தத் தூரத்தைத் தந்தது.

போதாக்குறைக்கு, மூடிய ஒளிச்சுற்று (ஒளியை வாங்கி உமிழ்ந்து மறுபடி அதே நிலைக்குத் திரும்பும் பாதை) உள்ள அயனிகள் கைவிரலில் அடங்கும்: பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், யிட்டர்பியம். கால்சியத்தில்கூட ஏறத்தாழ 15 முறைக்கு ஒருமுறை அயனி பக்கத்து நிலைக்கு நழுவி இருண்டுவிடும். 866 நானோமீட்டரில் இன்னொரு லேசர் வைத்து அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பொட்டாசியம், ருபீடியம் அயனிகளுக்கு வசதியான லேசர் நிறமே கிடையாது.

எனவே லேசர், கற்றைக்கான கருவி அல்ல. ஏற்கெனவே பொறியில் அடங்கிவிட்ட அயனிக்கான கருவி. உங்கள் நோக்கம் கால்சியம் அயனிகளைப் பொறியில் வைத்து ஒளியியல் செய்வது மட்டும்தான் என்றால் கற்றையே வேண்டாம். பொறிக்குப் பக்கத்தில் சிறு அடுப்பு வைத்துக் கால்சிய ஆவியை விட்டு, 423, 375 நானோமீட்டர் ஒளியால் அங்கேயே அயனியாக்கிவிடலாம். அயனி மூலம் (அயனிகளைப் பிறப்பிக்கும் கருவி), வேகத் தணிப்பு, உயர் மின்னழுத்தம் எல்லாம் செலவுப் பட்டியலிலிருந்து போய்விடும். இதைச் சொல்ல ஆளில்லாமல் முழுக் கற்றைக் குழாய்க்கும் சேர்த்து விலைப்புள்ளி வாங்கும் வரைவுகள்தான் அதிகம்.

ஹீலியமும் நான்கு கம்பியும்

நான்முனைக் குளிர்விப்பானின் தத்துவம் சுருக்கமானது. நாலு கம்பிகள், எதிரெதிர்க் கம்பிகள் ஒரே அலைக் கட்டத்தில். ரேடியோ அலைவெண் மின்னழுத்தம் அயனியை அச்சிலிருந்து விலக விடாமல் பிடித்துவைக்கும். மோதும் ஹீலியம் அதன் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். கம்பிகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் சற்றே குறையும் நேர்மின்னழுத்தம் கொடுத்தால், தளர்ந்த அயனி வெளிவாசலை நோக்கி நகரும். ஃபின்லாந்தின் யுவாஸ்குலாவிலும் செர்னின் ஐசோல்டே ஐசோடோப்பு நிலையத்திலும் வேலை செய்யும் குளிர்விப்பான்கள் 40 முதல் 80 சென்டிமீட்டர் நீளம். வெளியே வரும் கற்றையின் ஆற்றல் சிதறல் 1 இ.வி. அளவுதான்.

அளவுகளை நேராகவே போட்டுப் பார்ப்போம். அச்சிலிருந்து கம்பியின் விளிம்பு வரை 10 மில்லிமீட்டர், கம்பி விட்டம் 23 மில்லிமீட்டர், அலைவெண் 1 மெகாஹெர்ட்ஸ், பொட்டாசியம்-39. அயனி கம்பிகளுக்கு நடுவே நிலைத்திருக்குமா என்று சொல்லும் நிலைப்பு எண் q, 0.908-ஐத் தாண்டினால் அயனி நிற்காது, 0.4 பக்கம் ஓட்டுவது உத்தமம். அதற்கு ஒவ்வொரு கம்பியிலும் 160 வோல்ட் வீச்சு போதும். அயனியைப் பிடித்துவைக்கும் மின்னழுத்தக் குழியின் ஆழம் சுமார் 16 இ.வி. அதே கம்பியில் சீசியம்-133 வேண்டுமென்றால் 545 வோல்ட் ஆகிவிடும். மின்னழுத்தத்தை ஏற்றாமல் அலைவெண்ணை 550 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள், பழைய 160 பக்கமே வந்துவிடும். கம்பிகளுக்கு மின்னழுத்தம் ஊட்டும் சுருளின் டேப்பை (இணைப்பு முனையை) மாற்றும் வசதியை முதல் நாளே வைத்துக் கட்டுவது இதற்காகத்தான்.

ஹீலியம் 0.05 மில்லிபார் என்றால் பொட்டாசியத்தின் தணிப்பு நேரம் சுமார் 20 மைக்ரோநொடி. 50 இ.வி. ஆற்றலில் நுழையும் அயனி தோராயமாக 30 சென்டிமீட்டரில் நிற்கும், 20 இ.வி. என்றால் 19 சென்டிமீட்டரில். முதல் மதிப்பீடுதான் இது. வேகம் கூடும்போது இழுவை மாறும். ஆனாலும் 50 சென்டிமீட்டர் கம்பி போதும், ஒரு மீட்டர் வேண்டாம் என்று முடிவெடுக்க இது போதும். சென்டிமீட்டருக்கு 0.1 வோல்ட் சரிவு கொடுத்தால் அயனி ஒரு மில்லிநொடியில் வெளிவாசலுக்கு வந்துவிடும்.

கம்பிகளின் துல்லியத்தில் பயப்பட வேண்டியதில்லை. அயனிகளை நிறைவாரியாகப் பிரிக்கும் நிறை வடிகட்டிக்கு வேண்டிய மைக்ரான் கணக்கு இங்கே கிடையாது, 0.05 மில்லிமீட்டரில் நிற்கும் நல்ல லேத் பட்டறை கப்பலூர், கே.புதூர் சிட்கோ பேட்டைகளில் கிடைக்காமல் போகாது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். பட்டறையில் இரண்டு விஷயத்தை வாயால் சொல்லாமல் வரைபடத்திலேயே எழுதிக் கொடுங்கள்: குருட்டுத் துளை கூடாது, திருகுகளுக்குக் காற்றுப்போக்குப் பள்ளம் வேண்டும். இல்லையென்றால் திருகின் அடியில் சிக்கிய காற்று வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டை எங்கே என்று வெளியே தேடித் தேடி ஆள் ஓய்ந்துவிடுவார்.

செலவின் பெரும்பகுதி போவது பம்புக்கு. வாசல் துளை 3 மில்லிமீட்டர் என்றால் 0.05 மில்லிபாரிலுள்ள ஹீலியம் நொடிக்கு 2.2 லிட்டர் வீதம் வெளியேறும். ஹீலியத்துக்கு நொடிக்கு 500 லிட்டர் இழுக்கும் டர்போ பம்ப் (உயர் வெற்றிடப் பம்ப்) துளைக்கு வெளியே அழுத்தத்தை 2 × 10⁻⁴ மில்லிபாரில் பிடித்துவைக்கும். அதற்கடுத்து இன்னொரு துளை, இன்னொரு பம்ப். துளையை ‘கற்றை தாராளமாகப் போகட்டும்’ என்று 5 மில்லிமீட்டராக்கினால் வாயுச் சுமை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வெளிவாசலில் பெரிய துளை வைப்பவர்கள் குளிர்வித்ததைத் தாங்களே சூடாக்கிக்கொள்கிறார்கள்: வெளியே இழுக்கப்படும் அயனி கசிந்த வாயுவில் மோதி மறுபடியும் சிதறும்.

ஹீலியம் செலவு கையைக் கடிக்குமோ என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றழுத்தக் கணக்கில் பார்த்தால் இரண்டு துளையும் சேர்ந்து மணிக்கு முக்கால் லிட்டர்தான் வெளியேறும். 150 பார் அழுத்தமுள்ள 47 லிட்டர் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினாலும் ஆண்டுக்கணக்கில் வரும். மலிவான ரகத்தை வாங்கி இதில் மிச்சம் பிடிப்பது வெட்டி வேலை. 99.999 விழுக்காடு ரகமே வாங்குங்கள். அதோடு, பாலிதீன் குழாய் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் அதன் சுவர் வழியே ஈரம் உள்ளே வரும். பொட்டாசிய அயனி தண்ணீரைக் கண்டால் கட்டிக்கொள்ளும். 39-இல் வர வேண்டிய சிகரம் 57-இல் வந்தால் குழாயில் ஈரம் என்று பொருள். செம்பு அல்லது ஸ்டீல் குழாய் போட்டு, சூடுபடுத்தி, திரவ நைட்ரஜனில் அமிழ்த்திய மாலிக்யூலர் சீவ் (ஈரத்தை உறிஞ்சும் நுண்துளைப் பொருள்) வழியாக வாயுவை விடலாம். கால்நடை மருத்துவமனைகளுக்குச் சினை ஊசி கன்டெய்னர்களுக்காகத் திரவ நைட்ரஜன் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதை நிரப்பித் தருபவரிடம் வாரம் ஒரு கேன் பேசி வைப்பது நடக்காத காரியமல்ல.

ஹீலியமே ஏன்? இரண்டு காரணம். அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 24.6 இ.வி. வேண்டும், அதனால் ஒற்றை மின்சுமை அயனி அதனிடமிருந்து எலக்ட்ரானைத் திருடி நடுநிலையாகாது. அடுத்தது, அது லேசானது. மோதும் வாயுவின் நிறை அயனியின் நிறையை நெருங்கினால் ரேடியோ புலத்தின் அதிர்வே அயனியைச் சூடாக்கிவிடும். பொட்டாசியத்துக்குப் பிரச்சினையில்லை; லித்தியம்-7 தடுமாறும். பிரான்சின் கான் நகரில் ஹீலியம்-6 அயனியைக் குளிர்விக்க ஹைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்தினார்கள். நம் ஊர்க் கல்லூரி அறைகளில் ஹைட்ரஜன் சிலிண்டர் வைப்பதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

எங்கே கெட்டுப்போகும்

உயர் மின்னழுத்த மேடையில் குளிர்விப்பானை வைத்தால் வாயுக் குழாய் தரையிலிருந்து மேடைக்கு ஏற வேண்டும். ஹீலியம் காற்றைவிட எளிதில் மின்சாரத்துக்கு வழிவிடும். சில மில்லிபார் அழுத்தத்தில் சில நூறு வோல்ட்டே போதும். ஊசி வால்வைத் தரையில் வைத்துவிட்டுத் தாழ்ந்த அழுத்தத்தில் வாயுவை மேடைக்கு அனுப்பினால் 30 கிலோவோல்ட்டும் அந்தக் குழாய்க்குள் ஊதா நிறத்தில் ஓடும். வால்வை மேடையில் வையுங்கள், காப்புக் குழாயில் ஒரு பாருக்கு மேல் அழுத்தம் இருக்கட்டும். முடிந்தால் சிறு சிலிண்டரையே மேடையில் ஏற்றிவிடுங்கள்.

மேடைக்கும் அயனி மூலத்துக்கும் தனித்தனி மின்வழங்கி வேண்டாம். 30 கிலோவோல்ட்டில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு ஊசலாடினாலே 6 வோல்ட், 20 இ.வி. ஆற்றலில் நுழைக்க வேண்டிய அயனி ஒரு கணம் 14-இல் வரும், மறு கணம் 26-இல் வரும். இரண்டையும் ஒரே வழங்கியில் கட்டி, நடுவில் மிதக்கும் சிறு வழங்கியால் 20 வோல்ட் வித்தியாசம் கொடுத்தால் ஊசல் இரண்டிலும் ஒன்றாக ஏறி இறங்கித் தானே கழிந்துவிடும். மின்னழுத்தம் நிலைகொள்ளாத நம் பக்கத்துக்கு இது சொகுசு அல்ல, அவசியம். கற்பிப்பதற்கான அமைப்பு என்றால் 30 கிலோவோல்ட்டே வேண்டாம். பொட்டாசியம் பூசிய சூட்டு மூலத்தை (சூடாக்கினால் அயனி உமிழும் மூலம்) 1 கே.இ.வி.யில் ஓட்டினால் மேடையும் தொல்லையும் மிச்சம்.

சித்திரை, வைகாசியில் அறை 40 டிகிரியைத் தொடும். ஃபெரைட் வளையத்தில் சுற்றிய ஒத்ததிர்வுச் சுருள் சூடேறியதும் அதன் அலைவெண் நழுவும், வீச்சு இறங்கும், கற்றை மதியத்துக்கு மேல் ‘காரணமில்லாமல்’ பாதியாகும். செம்புக் குழாயில் காற்றுக்கரு சுருள் சுற்றுவது இடத்தை அடைக்கும், ஆனால் சூட்டுக்கு அசையாது. டர்போ பம்புக்கு ஆழ்துளைக் கிணற்று நீரை நேராக விடாதீர்கள். நம் தண்ணீரின் உப்பு குளிர்குழாயை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரைச் சுழலவிடும் மூடிய சில்லர்தான் சரி.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே தெரியும், மற்றது தெரியாது. மின்சாரம் போனதும் வாயு வால்வு தானே மூட வேண்டும், கேட் வால்வு தானே மூட வேண்டும். மின்சாரம் திரும்பும்போது உயர் மின்னழுத்தம் தானே ஏறக் கூடாது, ஆள் வந்து பொத்தானை அழுத்தினால்தான் ஏற வேண்டும். யு.பி.எஸ். இணைப்பு டர்போ கட்டுப்பாட்டுக்கும் இன்டர்லாக்குக்கும் (தானே மூடும் பாதுகாப்புச் சுற்றுக்கும்) போதும்.

அழுத்தமானி இன்னொரு கண்ணி. சூட்டிழை அயனி மானி நைட்ரஜனுக்கு அளவீடு செய்யப்பட்டது. ஹீலியத்தில் அது காட்டுவதை ஐந்தரையால் பெருக்க வேண்டும். குளிர்விப்பானுக்குள் கெபாசிட்டன்ஸ் மானியையே வையுங்கள், அதற்கு வாயு எதுவானாலும் ஒன்றுதான்.

கற்றையைச் சேர்த்துவைத்துத் துடிப்பாக விடும்போது எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். 1 நானோஆம்பியர் கற்றையை 10 மில்லிநொடி சேர்த்தால் ஆறு கோடி அயனி. அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குழியை விட்டு வழியும். மூலத்தைப் 10 பைக்கோஆம்பியருக்கு இறக்கினால் ஆறு லட்சம், அது அடங்கும். கற்றை வலுவாக இருந்தால் நல்லது என்று பழகியவர்களுக்கு இதை ஏற்பது கடினம். துடிப்பின் லாபம் பெரியது: யுவாஸ்குலாவில் கற்றையோடு இணைத்து விட்ட லேசர் நிறமாலையில், துடிப்பு வரும் நேரத்தில் மட்டும் எண்ணியதால் பின்னணி ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

யாருக்கு எது

பறத்தல் நேர நிறைமானி, இணைக்கற்றை லேசர் நிறமாலை, பொறிக்குள் அயனி ஏற்றுதல் ஆகியவற்றுக்கு ஹீலியம் நான்முனைதான், மறுபேச்சில்லை. லேசர் வேண்டுமென்றால் அதற்குப் பின்னால், இரண்டாம் கட்டமாக.

பொருள்களில் அயனி பாய்ச்சுவது மட்டும் நோக்கமென்றால் குளிர்விப்பே தேவையில்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் 1.7 மெகாவோல்ட் டாண்டெட்ரான் முடுக்கிக்கோ, டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்துக்கோ மாதிரியைக் கொண்டுபோவது, இங்கே ஒன்றைக் கட்டுவதைவிடப் புத்திசாலித்தனம்.

பல மின்சுமை ஏறிய அயனிகளுக்கு வாயுவைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். ஆர்கான் 13+ போன்ற அயனி ஹீலியத்திடமிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும்; குளிர்விப்பதற்குள் அது வேறு அயனியாகிவிடும். 2015-இல் ஜெர்மனியில் அதைத் துடிப்பு மின்முனையால் வேகம் தணித்து, லேசரால் குளிர்ந்த பெரிலியம் அயனிகளின் நடுவே நிறுத்திக் காட்டினார்கள். பெரிலியம் நச்சு, 313 நானோமீட்டர் லேசர் விலை அதிகம். முதல் திட்டத்துக்கு இது வேண்டாம்.

நான்முனையைத் தேர்ந்தவர்கள் வாங்கும் வரிசையிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் பம்புகளும் கெபாசிட்டன்ஸ் மானியும், பிறகு சூட்டு மூலமும் கற்றையின் மின்னோட்டத்தை அளக்கும் ஃபாரடே கப்பும், அதன் பிறகு கம்பிகள். கப்புக்கு முன்னால் தடுப்பு மின்வலை ஒன்றை வைத்து, அதன் மின்னழுத்தத்தை 0.1 வோல்ட் படியில் ஏற்றி மின்னோட்டத்தைக் குறியுங்கள். வளைவு செங்குத்தாக விழுந்து, சிதறல் 1 இ.வி.க்குள் அடங்கினால் குளிர்விப்பு நடக்கிறது. மேல்பக்கம் நீண்ட வால் தெரிந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது அயனி வேகமாக நுழைகிறது, 0.02 முதல் 0.1 மில்லிபார் வரை அழுத்தத்தை மாற்றிப் பாருங்கள். வால் போய் முழு வளைவும் அகன்றால் வாயு கூடிவிட்டது, வெளிவாசலில் மறுசூடு. துடிப்பாக விடும் மின்சுற்றை இந்த வளைவு ஒழுங்கான பிறகு வாங்கினால் போதும்.